இறக்கி வைத்த கூடை

கவலைப்படாதே என்று இன்னொருவருக்குச் சொல்வதைப் போலச் சுலபமான காரியம் இந்த உலகத்தில் வேறொன்றும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நான், அந்த வார்த்தையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பிள்ளையைத் தேடி அலுவலக வாசலுக்கு வந்த தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பி, செய்தியை எழுதி முடித்து, தேநீர் குடித்தும் இருக்கிறேன். அந்த வார்த்தையை எனக்கு நானே சொல்ல வேண்டிய நாள் வந்தபோதுதான், அதில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பது விளங்கிற்று.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி அது. அந்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்திருந்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பத்திரிகைத் தாள் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன, சில பதிப்புகள் நின்றே போயின. என்னைப் போன்றவர்களின் சம்பளமும் அந்தப் பக்கங்களைப் போலவே மெலிந்தது. மகள் பல்கலைக்கழகத்தில் இருந்தாள், மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான், வீட்டு வாடகை இரண்டு மாதம் நிலுவையில் கிடந்தது. நான் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூடப் பாதியைத்தான் சொன்னேன். இரவில் இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டால் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுவதே வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் அலுவலகப் படிக்கட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். இரத்த அழுத்தம் என்றார் வைத்தியர். பத்து நாட்கள் ஓய்வெடுக்கச் சொன்னார். எங்கே போவது? போவதற்கு எனக்கு ஓர் இடம்தான் இருந்தது.

பதுளைக்குப் போகும் காலைப் புகையிரதத்தில் ஏறி ஹற்றனில் இறங்கினேன். எங்கள் தோட்டம் டிக்கோயாப் பக்கத்தில், பிரதான வீதியிலிருந்து மேலே ஏறிப் போகவேண்டிய இடத்தில் இருக்கிறது. பஸ் இல்லை. முச்சக்கர வண்டிக்குப் பெற்றோல் இல்லை. நடந்தேன். அந்த ஏற்றத்தில் ஒரு காலத்தில் புத்தகப் பையோடு ஓடியவன், இப்போது மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கினேன்.

அக்கா அதே லயத்தில்தான் இன்னமும் இருந்தார். அதே காம்பிரா, அதே இஸ்தோப்பு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சிறு வயதிலேயே கொழுந்து பறிக்கப் போனவர். 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியபோது, தன் பங்கு ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தவர். 1979இல் அப்பா இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. படிப்பை நிறுத்திவிட்டுச் சில்லறை வேலைக்கு அனுப்பிவிடலாம், கொஞ்சம் வளர்ந்ததும் பேர் பதிந்துகொள்ளலாம் என்று உறவினர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய கூடைதான் என்னை ஹற்றனில் படிக்க வைத்தது. அவருடைய கூடைதான் என்னைப் பேராதனைப் பல்கலைக்கழகம்வரை அனுப்பியது. கலைப் பட்டத்தோடு வெளியே வந்து முதற் சம்பளம் வாங்கிய நாளிலிருந்து, இனி இவருக்குக் கொடுப்பவன் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு தீர்மானம். மாதந்தோறும் ஏதாவது அனுப்பினேன். அது நன்றியென்றே நினைத்திருந்தேன். அதற்குள் வேறொன்றும் கலந்திருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

முதல் நாள் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் இரவு, அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தார்.

"ராத்திரி பூரா நடக்குற. தூக்கம் வரலியா தம்பி?"

"ஒன்னுமில்லக்கா. வேல யோசன."

"ஒன்னுமில்லாததுக்கா இம்புட்டு நட?"

நான் பேசாதிருந்தேன். அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"கூடயத் தலயில மாட்டிக்கிட்டே நின்னா எந்தக் கணக்கப்பிள்ள நிறுப்பாரு? எறக்கித் தராசுல மாட்டுனாத்தானே எத்தன கிலோன்னு தெரியும். நீ எறக்கவே மாட்டேங்குற. அதான் ஒனக்கு எம்புட்டுப் பாரமுன்னே தெரியல."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சிறு துணி முடிச்சு. ஓய்வுபெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதியில் மிச்சம் வைத்திருந்த பணம். அதை என் முன்னால் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று.

"வேண்டாங்கா. நான்தான் ஒங்களுக்குக் குடுக்கணும்."

"எங்கிட்ட வாங்க வெக்கமா இருக்கா?"

எழுத்தையே தொழிலாகக் கொண்டவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. ஏனென்றால் உண்மை அதுதான். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கடன் வாங்குவதில் அல்ல. கொடுப்பவன் என்ற இடத்திலிருந்து வாங்குபவன் என்ற இடத்துக்கு இறங்குவதில்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. அக்காவின் பழைய வேதாகமம் சுவரோரப் பெட்டியின்மேல் இருந்தது. அதை எடுத்து, பேதுரு எழுதிய முதலாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்தேன். சிறு வயதில் ஞாயிறு பாடசாலையில் மனப்பாடம் செய்த பகுதி. தேவனுடைய பலத்த கையின் கீழே தாழ்ந்திருக்கும்படி 6ஆம் வசனம் கூறுகிறது. கவலைகளை அவர்மேல் போட்டுவிடும்படி 7ஆம் வசனம் கூறுகிறது. இவை இரண்டும் இரண்டு தனித்தனி அறிவுரைகள் என்றே நான் அதுவரை எண்ணியிருந்தேன். பிரசங்கங்களிலும் தாழ்மைக்கு ஒரு ஞாயிறு, கவலைக்கு ஒரு ஞாயிறு என்றுதான் கேட்டிருக்கிறேன்.

ஆனால் மூலமான கிரேக்கத்தில் அவை ஒரே வாக்கியம். 'போட்டுவிடுங்கள்' என்பது அங்கே தனிக் கட்டளையாக நிற்கவில்லை. 'போட்டுவிட்டு' என்பது போல ஓர் எச்சமாகத் தாழ்மையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதாவது, கவலையை ஒப்படைப்பதுதான் தாழ்மைப்படுகின்ற வழி. இதைத் திருப்பிப் பார்த்தால் ஒரு கசப்பான உண்மை வெளிப்படுகிறது. கவலையை ஒப்படைக்க மறுப்பது ஒருவகைப் பெருமை. எல்லாம் என் தோளில்தான் நிற்கிறது, நான் விழித்திருக்காவிட்டால் இந்தக் குடும்பம் கவிழ்ந்துவிடும் என்று இரவு இரண்டு மணிக்கு எண்ணிக்கொண்டிருப்பவன், தன்னையறியாமலே தன்னைக் கடவுளின் ஆசனத்தில் இருத்திக்கொள்கிறான். நான் என்னைப் பொறுப்புள்ளவன் என்றுதான் நினைத்திருந்தேன். பெருமைக்காரன் என்று நினைத்ததே இல்லை.

அந்தக் கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஓர் இடத்தில் மாத்திரமே வருகிறது. லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில், இயேசு எருசலேமுக்குள் போகும்போது சீடர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின் மேல் போடுகிறார்களே, அந்த இடத்தில். தன் தோளில் கிடந்ததை எடுத்து, சுமக்கக்கூடிய இன்னொன்றின் மேல் போடுவது. வெறும் மனநிலையல்ல, கையால் செய்கிற காரியம். அக்கா கிரேக்கம் படித்தவரல்ல. ஐந்தாம் வகுப்பைக்கூட முடிக்காதவர். ஆனால் அந்தச் சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்திருந்தார். தலையில் மாட்டிய கயிற்றைக் கழற்றி, கூடையை இறக்கி, தராசில் மாட்டுவது.

தேயிலைத் தோட்டத்தை அறியாத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண், தன் நிரையில் நின்று பறித்ததை முதுகில் தொங்கும் கூடைக்குள் போட்டுக்கொண்டே போவாள். கூடையின் கயிறு தலையில் கொளுவியிருக்கும். நிறைந்ததும் மடுவத்துக்குக் கொண்டுபோய் நிறுத்து, கொட்டிவிட்டு, வெறுங்கூடையோடு மீண்டும் மலைக்கு ஏறுவாள். காலையில் ஒரு நிறுவை, பகல் ஒன்று, மாலையில் ஒன்று. காலையில் கொட்டிவிட்டோமே என்று மத்தியானம் சும்மா இருக்க முடியாது. கூடை மறுபடியும் நிறையும், மறுபடியும் இறக்க வேண்டும். கவலையை ஒருமுறை ஆலயத்தில் வைத்துவிட்டு வந்தால் அது திரும்பி வராது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். திரும்பி வந்தபோதெல்லாம் என் விசுவாசத்தில்தான் குறை என்று எண்ணி அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டிருக்கிறேன். மறுநாள் அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "பொழுதுக்கும் ஒரே கூடைய வச்சுப் பறிக்க ஏலுமா? எறக்கிக் கொட்டிட்டுப் போனாத்தான் அடுத்த நெற."

அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டேன். வாங்கும்போது பேதுருவின் ஞாபகம் வந்தது. இந்த நிருபத்தை எழுதியவராகத் திருச்சபை கருதும் அதே பேதுருதான், ஆண்டவர் தன் கால்களைக் கழுவ வந்தபோது ஒருக்காலும் விடமாட்டேன் என்று தடுத்தவர். பார்வைக்கு அது தாழ்மை போலத் தெரியும். உண்மையில் அது, தான் போட்ட ஒழுங்கின்படிதான் அன்பும் வரவேண்டும் என்று கேட்கும் பெருமை. பிற்காலத்தில் அவர் தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள் என்று எழுதியபோது பயன்படுத்திய சொல், அடிமைகள் வேலைக்கு முன் தங்கள் உடையின்மேல் கட்டிக்கொள்ளும் ஒரு துணியின் பெயரிலிருந்து பிறந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்த ஆண்டவரை அவர் மறக்கவில்லை என்று வேதாகம விளக்கவுரையாளர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த இடத்தை வாசிக்கும்போது, பனியில் நனையாதிருக்க இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போகும் பெண்களின் வரிசைதான் தெரிகிறது.

இவ்வளவு எழுதிவிட்டு இங்கேயே முடித்துவிட்டால், நான் என் மக்களுக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். தாழ்மை என்ற சொல் மலையகத்தில் சாதாரணச் சொல் அல்ல. அந்தச் சொல்லைக் கொண்டு எங்களை அடித்திருக்கிறார்கள்.

கோப்பிக் காலத்தில், 1854ஆம் ஆண்டு, தோட்டத் தொழிலாளர் மத்தியில் ஊழியம் செய்வதற்காக ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. அதன் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து பிரசங்கித்தார்கள், எழுத்தறிவித்தார்கள். அந்த மனிதர்களின் உழைப்பை நான் வணங்குகிறேன். எங்கள் குடும்பத்துக்குள் எழுத்து வந்ததும் அப்படி நடந்து வந்த ஒருவராலேயே. எனினும், கடவுளின் பெயரால் தொடங்கிய பணிக்கே கூலி என்ற பெயரைச் சூட்டத் தயங்காத காலம் அது. பிற்காலத்தில் அந்தப் பெயர் மாற்றப்பட்டது. துரைமார் அந்த மிஷனுக்குப் பணம் கொடுத்தார்கள். 1878இல் டிக்கோயாவின் வார்லீயில் அவர்கள் எழுப்பிய கிறிஸ்து ஆலயம் இன்றும் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி அழகாக நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள கல்லறைகளில் துரைமாரின் பெயர்கள் இருக்கின்றன. அந்த மலைகளைத் திருத்திய எங்கள் முப்பாட்டன்மாருக்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை. தேயிலையடியில் புதைந்து போனார்கள்.

நாடு சுதந்திரம் அடைந்த பின்பும் தாழ்த்துதல் நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கிற்று. 1947 தேர்தலில் வாக்களித்து ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம், 1949இல் வாக்குரிமையையும் இழந்தது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது; மீதி 150,000 பேரின் தலைவிதி பின்னொரு பேச்சுவார்த்தைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. என் சித்தப்பா குடும்பம் அப்படித்தான் கூடலூருக்குப் போயிற்று. ஹற்றன் புகையிரத நிலையத்தில் கோச்சி புறப்பட்டபோது எழுந்த அழுகை இப்போதும் என் காதில் இருக்கிறது. நாடற்றோர் என்ற நிலை சட்டத்தளவில் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட ஒரு சமூகத்தின் முன்னால் நின்று, தாழ்மையாயிருங்கள், கவலையைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லும்போது, சொல்பவர் மிகவும் நிதானமாக இருக்க வேண்டும். நாட்சம்பளமாக ஆயிரம் ரூபா கேட்டு மக்கள் வீதிக்கு இறங்கிய ஆண்டுகளில், செய்தி சேகரிக்கப் போன இடமொன்றில் ஒரு போதகர் இதே வசனத்தைக் காட்டி, போராட்டம் விசுவாசிக்கு அழகல்ல என்று பிரசங்கித்ததைக் கேட்டேன். அன்று எனக்கு அந்த வசனத்தின் மேலேயே கோபம் வந்தது. பல வருடங்கள் அந்தக் கோபம் போகவில்லை.

இப்போது அதைப் பொறுமையாக வாசிக்கும்போது, கோபம் வசனத்தின்மேல் வந்திருக்கக் கூடாது என்று தெரிகிறது. அந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டது? பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்ற நாடுகளில் சிதறுண்டு கிடந்த பரதேசிகளுக்கு. அதாவது, இருந்த இடத்தில் உரிமையற்று இருந்தவர்களுக்கு. அடிமைகள் கடினமான எஜமானுக்கும் கீழ்ப்படிய வேண்டும் என்று அதில் ஒரு பகுதி இருப்பதை நான் மறைக்கவில்லை. தோட்டங்களில் அந்தப் பகுதி வேண்டிய மட்டும் வாசிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு நேர் முந்திய வசனத்தைக் கவனியுங்கள். எல்லாரையும் கனம்பண்ணச் சொல்கிறது, ராஜாவையும் கனம்பண்ணச் சொல்கிறது. அச்சத்தை மட்டும் கடவுளுக்கென்று ஒதுக்கி வைக்கிறது. ரோமச் சக்கரவர்த்திக்குக் கிடைப்பது, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைக்கும் அதே மரியாதைதான். ஒரு பிடி கூடுதலாக இல்லை. கடவுளின் கையின் கீழ் தாழ்ந்திருப்பவன் வேறெந்தக் கையின் கீழும் நடுங்கத் தேவையில்லை என்பதே இதன் பொருள். துரைக்கு முன்னால் கைகட்டி நின்ற எங்கள் குனிவு தாழ்மையல்ல. அது பயம். தாழ்மை பயத்தின் நேர் எதிர்.

அக்கா இதை வாழ்ந்து காட்டியவர். சம்பளப் போராட்டத்தின்போது வேலைக்குப் போகாமல் பெரட்டுக்களத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் அவரும் ஒருவர். காலையில் ஜெபம் செய்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தார். "சாமி பாத்துக்குவாருன்னா எதுக்குக்கா போய்க் குந்துனீங்க?" என்று அந்நாளில் கேலியாகக் கேட்டிருக்கிறேன். "பயமில்லாம குந்துறதுக்குத்தான் சாமி" என்றார். அந்தப் பதிலின் ஆழம் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. ஆயிரம் ரூபா 2021இல்தான் வந்தது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அது வருவதற்குள் அக்கா ஓய்வுபெற்றுவிட்டார். தனக்குக் கிடைக்காத கூலிக்காகப் போராடினோமே என்ற வருத்தம் அவரிடம் இருந்ததில்லை.

பேதுருவும் கவலைகளைப் போட்டுவிடச் சொன்ன கையோடு, அடுத்த வசனத்திலேயே தெளிந்த புத்தியோடு விழித்திருக்கச் சொல்கிறார். கவலையை ஒப்படைப்பவன் தூங்கிப்போகலாம் என்பதல்ல. கவலையில் விழித்திருப்பது வேறு, கடமையில் விழித்திருப்பது வேறு. அதேவேளை, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில், மறுநாள் ஏரோது தன்னை வெளியே கொண்டுவர இருந்த அந்த இரவில், இரண்டு போர்வீரர் நடுவே சங்கிலிகளால் கட்டப்பட்டு அவர் நித்திரையாயிருந்தார். விடுவிக்கப்படுவோம் என்று தெரிந்து தூங்கியவரல்ல. யாக்கோபு அதற்குச் சற்று முன்னர்தான் வாளால் கொல்லப்பட்டிருந்தார். வாடகை நிலுவைக்காக விடியும்வரை விழித்திருந்த எனக்கு அந்தச் சிறைச்சாலைத் தூக்கம் பெரிய பாடம்.

ஆயினும் ஒரு கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அதையும் எழுதாவிட்டால் நேர்மையாகாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, மலையகமே மீரியபெத்தையாகிவிட்டது போலிருந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. மண்ணுக்குள் போனவர்களில் ஜெபம் செய்யாதவர்களா இருந்தார்கள்? காலையும் மாலையும் விளக்கேற்றியவர்களும், மண்டியிட்டவர்களும், தொழுதவர்களும் இருந்தார்கள். கவலையை அவர்மேல் போட்டவர்களின் மேல் மலை ஏன் விழுந்தது? இதற்கு விடை தெரிந்ததாகச் சொல்பவர்களைக் கண்டால் நான் விலகிப் போய்விடுகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஆபத்தான சரிவில் ஏழைகளைக் குடியிருத்தி, எச்சரிக்கையைக் கோப்புக்குள் வைத்துவிட்டு, கடவுள் சித்தம் என்று சொல்வது விசுவாசம் அல்ல. அது மனிதர் தம் கடமையைக் கடவுளின் தலையில் கட்டுவது. ஒப்படைக்கச் சொன்னது கவலையை, கடமையை அல்ல.

அந்தப் புயல் நாட்களில் அக்காவின் லயத்துக்குப் பின்னால் மண் பிளந்தது. இரவோடிரவாக எல்லாரும் கீழேயுள்ள பாடசாலைக்கு இறங்கிவிட்டார்கள். இரண்டு நாட்கள் தொலைபேசி கிடைக்கவில்லை. கொழும்பில் நான் பழைய நானாகவே மாறி, மறுபடியும் இரவு இரண்டு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. இம்முறை தனியே கணக்குப் போடவில்லை. மனைவியை எழுப்பினேன். பயமாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். இருவருமாகச் சேர்ந்து ஜெபித்தோம். காலையில் எழுந்து, தெரிந்த நிருபர்களையெல்லாம் அழைத்து விசாரித்தேன். பகலில் மறுபடியும் பயம் வந்தது. மறுபடியும் இறக்கி வைத்தேன். அன்றைக்கு மூன்று நிறுவை போதவில்லை. முப்பது நிறுவை ஆகியிருக்கும்.

மூன்றாம் நாள் மாலையில் அக்காவின் குரல் கேட்டது.

"ரொம்பப் பயந்துட்டியா தம்பி?"

"ஆமாக்கா" என்றேன். ஐம்பத்தேழு வயதில், அந்த ஒரு வார்த்தையை மறைக்காமல் சொல்ல முடிந்ததே எனக்குப் பெரிய காரியமாகப்பட்டது.

"நானுந்தான்" என்றார் அக்கா. "மல மொனங்குற சத்தங் கேட்டா யாருக்குத்தான் பயமா இருக்காது? புள்ளைகளத் தூக்கிக்கிட்டு எறங்கயில ஒன்னு மட்டுந்தான் சாமிகிட்டச் சொன்னேன். என்னால ஏலல, நீ பாத்துக்கன்னு."

என்னால் இயலாது என்று சொல்லத் தெரிவது. தாழ்மையைப் பற்றி நான் வாசித்த எல்லாப் புத்தகங்களையும்விட அந்த வார்த்தை எனக்குப் போதுமானதாக இருக்கிறது. இயலாது என்று சொன்னவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் மலை இறங்கினார்.

2022இல் அக்கா தந்த அந்தப் பணத்தை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்க வசதி வந்துவிட்டது. ஒருமுறை எடுத்துக்கொண்டும் போனேன். "அத நான் எறக்கி வச்சாச்சு. நீ எதுக்குத் திருப்பித் தூக்குற?" என்றார். திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அக்காவுக்குக் கடன்பட்டவனாகவே இருக்கட்டும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நினைவு எனக்கு நல்லது.